கஜர்: மூன்று நாடுகளின் வரப்பில் ஓர் அலவி கிராமம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லெபனான் எல்லையில் பதற்றம் கூடும் போதெல்லாம் செய்திகளில் கஜர் என்ற பெயர் வந்துபோகிறது. இரண்டு வரி வரும், மறுநாள் மறைந்துவிடும். அந்த ஊரைப் பற்றி வாசித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரைப் போர்ச் செய்தியாக மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது. வயலும் வீடும் பிரியக்கூடாது என்று தொண்ணூறு ஆண்டுகளாகப் பிடிவாதமாக நிற்கும் ஓர் உழவர் ஊராகப் படித்தால்தான் விளங்கும்.

கஜர் எங்கே இருக்கிறது?

ஹெர்மோன் மலையின் தென்மேற்கு அடிவாரத்தில், ஹஸ்பானி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் லெபனான். தெற்கே இஸ்ரேலின் ஹூலா சமவெளி. கிழக்கே கோலான் குன்றுகள். அவை 1967 வரை சிரியாவின் ஆட்சியில் இருந்தவை, அதற்குப் பிறகு இஸ்ரேல் பிடித்து வைத்திருப்பவை. மக்கள்தொகை மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் அரபு மொழி பேசும் அலவிகள். இஸ்ரேலின் பிடியில் உள்ள நிலப்பரப்பில் இருக்கும் ஒரே அலவி ஊர் இதுதான்.

அரபியில் "கஜர்" என்றால் நாடோடிகள் என்று பொருளாமே? இவர்கள் நாடோடி வம்சத்தினரா?

இல்லை. சொல்லின் பொருள் அதுதான் என்றாலும் ஊராருக்கும் நாடோடிச் சமூகத்துக்கும் தொடர்பு கிடையாது. ஊரின் பழைய பெயர் தரஞ்சே என்பார்கள். சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அந்த வட்டாரம் குர்து ஆட்சியாளர்களின் கையில் இருந்தபோது, ஊர் நிலம் பறிக்கப்பட்டதாகவும் அந்தக் காலத்தில் பெயர் மாறியதாகவும் சொல்லப்படுகிறது.

அதை ஒட்டி ஊரில் ஒரு கதை வழங்குகிறது. குர்து ஆளுநர் ஒருவர் ஷேக் அல்-அர்பயீன் என்ற பெரியவரின் அடக்கத்தலத்துக்குள் குதிரையோடு நுழையப் பார்த்தாராம். குதிரை அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டது. மறுநாள் தீப்பிடித்து ஆளுநரின் வாளும் கேடயமும் எரிந்து போயின. நடுங்கிப்போன குர்துகள் நிலத்தை ஊராருக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள். கதையின் நாயகர் மகான்தான், ஆனால் முடிவில் ஊரின் கைக்கு வந்து சேருவது நிலம். ஓர் ஊர் தன்னைப் பற்றி எந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அலவிகள் யார்? முஸ்லிம்களா?

அவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்கிறார்கள். ஷியா மரபிலிருந்து கிளைத்த பிரிவு. 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த இப்னு நுஸைர் என்பவரை மூலவராகக் கொண்டதால் நீண்ட காலம் "நுஸைரிகள்" என்று அழைக்கப்பட்டார்கள். 10-ஆம் நூற்றாண்டில் அல்-கஸீபி இந்த மரபை ஒழுங்குபடுத்தினார். "அலவி", அதாவது நபிகளின் மருமகன் அலீயைச் சேர்ந்தவர் என்ற பெயர் பரவலானது பிரெஞ்சு ஆட்சி வந்த 1920-க்குப் பிறகுதான்.

சமய நூல்களும் உட்பொருளும் தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே கற்றுத் தரப்படும். உயிர் உடல் விட்டு உடல் மாறிப் பிறக்கிறது என்ற நம்பிக்கை உண்டு. வழிபாடு பள்ளிவாசலைச் சுற்றி அமைந்ததில்லை. வெள்ளைக் கவிமாடம் வைத்த மகான்களின் அடக்கத்தலங்களுக்குப் போவதுதான் பெரிய வழக்கம். நம் ஊர் தர்காக்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸும் கொண்டாடுவார்கள், சில கிறிஸ்தவத் திருநாள்களையும் கொண்டாடுவார்கள்.

இந்த மறைபொருள் வழக்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுன்னி அறிஞர் இப்னு தைமிய்யா இவர்களைக் கடுமையாகக் கண்டித்து விதித்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு), இன்றுவரை இவர்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படுகிறது. 1973-இல் லெபனானின் ஷியா தலைவர் மூஸா அல்-சத்ர் அலவிகளை ஷியா சமூகத்தின் பகுதியாக ஏற்றார். அந்த ஏற்பில் அரசியலும் இருந்தது என்றாலும், நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

அலவிகள் என்றால் சிரியாவின் ஆளும் வர்க்கம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

1970-இல் ஹாஃபிஸ் அல்-அசத் ஆட்சியைப் பிடித்ததால் வந்த பிம்பம் அது. அதற்கு முந்தைய நிலை நேர்மாறானது. அலவிகளின் தாய்நிலம் சிரியாவின் கடற்கரையை ஒட்டிய மலைத்தொடர். அங்கே ஒலிவமும் புகையிலையும் பயிரிட்டார்கள். சமவெளிக்கு இறங்கியவர்களில் பலர் லத்தாகியா, ஹமா நகரங்களின் பெருநிலக்கிழார்களிடம் வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் கால் பங்குதான் உழுதவனுக்கு என்ற ஏற்பாடே பல இடங்களில் இருந்தது. கால் பங்குக்காரன் என்பதே அந்த உழவனுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. வறுமை தாங்காமல் மகள்களை நகரத்துப் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகளாக விட்ட குடும்பங்கள் ஏராளம். 1958-லும் 1963-க்குப் பிறகும் வந்த நிலச் சீர்திருத்தங்கள் பெருநிலங்களை உடைத்தன. ஏழை உழவர் மகன்கள் படை வேலையில் சேர்ந்தார்கள். அதிகாரத்துக்கான ஏணி அங்கிருந்துதான் எழுந்தது.

கஜர் அந்த மலைகளுக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தெற்கே தனித்துக் கிடக்கும் ஊர். அதிகார மையத்தோடு ஒப்பிட்டு இவர்களை எடைபோடுவது நியாயமில்லை.

1932-இல் ஊராருக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தது உண்மையா?

உண்மை. முதல் உலகப் போருக்குப் பிறகு சிரியா, லெபனான் இரண்டுமே பிரான்ஸின் கையில் இருந்தன. 1920-இல் பெரிய லெபனான் அறிவிக்கப்பட்டபோது இரண்டுக்கும் இடையே வரைபடத்தில் கோடு விழுந்தது. ஆனால் தரையில் யாரும் கல் நட்டு ஒழுங்காக அளக்கவில்லை. இரண்டுமே ஒரே எஜமானுடைய வீட்டின் இரண்டு அறைகள் என்பதால் அவசரமும் இருக்கவில்லை. பிற்காலத்துச் சிக்கல்களில் பாதி இந்த அசட்டையிலிருந்து பிறந்தவை.

1932-இல் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது கஜர் மக்கள் பெருவாரியாகச் சிரியாவை விரும்பினார்கள். காரணம் எளியது: அலவிகள் கணிசமாக வாழும் நாடு அது. 1960-ஆம் ஆண்டின் சிரியக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 620.

1967 போரில் இந்த ஊரை யார் பிடித்தார்கள்?

முதலில் யாருமே பிடிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஊரின் வரலாற்றில் ஆழமாக நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

1967 ஜூன் மாதம் இஸ்ரேலியப் படை கோலானைப் பிடித்துக்கொண்டு முன்னேறியபோது, அதன் வரைபடங்களில் கஜர் லெபனானுக்குள் இருந்தது. லெபனானோடு அப்போது போர் இல்லை. ஆகவே படை ஊருக்குள் வரவில்லை. சிரிய அரசோ அங்கிருந்து போய்விட்டது. லெபனான் அரசுக்கு இது சிரியாவின் ஊர். இரண்டரை மாதம் கஜர் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கிடந்தது. வரி கேட்க ஆளில்லை என்று சிலர் இதை ஒரு விடுதலை போல எழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: தானியத்தை விற்கச் சந்தை இல்லை, நோயாளியைக் கொண்டுபோக மருத்துவமனை இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் துப்பாக்கி.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் லெபனான் அதிகாரிகளிடம் போய்த் தங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டதாகவும், அவர்கள் மறுத்துவிட்டதாகவும் ஊரார் சொல்கிறார்கள். பிறகு கோலானின் இஸ்ரேலிய ராணுவ ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவின் சாரத்தைக் கவனிக்க வேண்டும்: "நாங்கள் சிரியர்கள், கோலானைச் சேர்ந்தவர்கள், கோலானுக்கு என்ன நேர்கிறதோ அது எங்களுக்கும் நேரட்டும்." இஸ்ரேல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு இஸ்ரேல் எடுத்த கணக்கில் ஊரில் இருந்தவர்கள் 385 பேர். ஏழாண்டுகளுக்கு முன் 620. மீதிப் பேர் போன திசையை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆக்கிரமிக்க வந்தவனிடமே மனுக் கொடுத்தது துரோகம் அல்லவா?

இந்தச் சொல்லைத் தூக்கி எறிவதற்கு முன் பக்கத்து ஊர்களைப் பார்க்க வேண்டும். கோலானில் ஸாவுரா, ஐன் ஃபித் என்று வேறு இரண்டு அலவி ஊர்கள் இருந்தன. 1967-இல் அவற்றின் மக்கள் வெளியேறினார்கள். திரும்ப வரவே முடியவில்லை. இரண்டு ஊர்களும் அழிந்தன. கோலான் முழுவதிலும் அதுவரை வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்களின் கதை அதுதான். தப்பித்து நின்றவை மஜ்தல் ஷம்ஸ், மஸ்அதே, புக்ஆத்தா, ஐன் கினியா ஆகிய நான்கு துரூஸ் ஊர்களும் (துரூஸ் என்பது அரபு மொழி பேசும் இன்னொரு சமயச் சிறுபான்மை) கஜரும்தான். ஸாவுராவின் கதி நாளை நமக்கு என்ற நிலையில் ஒரு சிற்றூர் தன் வீட்டு வாசலிலேயே நிற்க வழி தேடியது. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இஸ்ரேலியக் குடியுரிமையை ஏன் ஏற்றார்கள்? துரூஸ் மக்கள் மறுத்தார்களே?

1981 டிசம்பரில் இஸ்ரேல் தன் சட்டத்தைக் கோலானுக்கு நீட்டித்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 497-ஆம் தீர்மானம் அது செல்லாது என்றது. துரூஸ் ஊர்கள் 1982-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, அடையாள அட்டைகளை வீசி எறிந்தன. கஜர் மக்களில் பெரும்பாலோர் குடியுரிமையை ஏற்றார்கள். துரூஸ் ஊர்கள் நான்கு, எண்ணிக்கையில் பெரியவை, ஒன்றுக்கொன்று துணை. கஜர் ஒற்றை ஊர், அண்டையில் சொந்தச் சமூகம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தத் தனிமைதான் முடிவில் பெரும்பங்கு வகித்தது என்று நான் கருதுகிறேன். குடியுரிமை வாங்கிய பின்பும் தங்களைச் சிரியர்கள் என்று சொல்லிக்கொள்வதை அவர்கள் விடவில்லை.

பாதி ஊர் லெபனானுக்குள் போனது எப்படி?

1978-இல் இஸ்ரேல் தென் லெபனானுக்குள் நுழைந்தது. 1982-க்குப் பிறகு அங்கே ஓர் ஆக்கிரமிப்புப் பட்டையை வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில் கஜருக்கு வடக்கே எல்லை என்று எதுவும் கண்ணில் படவில்லை. குடும்பங்கள் பெருகின, மகன்கள் தந்தை வீட்டை ஒட்டி வடக்கே தங்கள் வயல்களில் வீடு கட்டினார்கள். எந்த ஊரிலும் நடப்பதுதான். இருபது ஆண்டுகளில் ஊரின் பெரும்பகுதி வடக்கே வளர்ந்துவிட்டது.

நீலக் கோடு என்பது என்ன?

2000 மே மாதம் இஸ்ரேல் தென் லெபனானிலிருந்து வெளியேறியது. முழுமையாக வெளியேறியதா என்று சரிபார்க்க ஐ.நா. ஒரு கோடு வரைந்தது. அதுவே நீலக் கோடு. அது நாட்டெல்லை அல்ல, படை விலகலைச் சரிபார்ப்பதற்கான கோடு மட்டுமே என்று ஐ.நா.வே சொல்கிறது. பழைய வரைபடங்களைப் பார்த்து வரைந்தபோது அந்தக் கோடு கஜரின் நடுவே போய்விட்டது. வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லெபனான் பக்கம். அண்ணன் வீடு கோலானில், தம்பி வீடு லெபனானில்.

ஊரார் கொதித்துப் போனார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே: எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள், ஊரை இரண்டாக வெட்டாதீர்கள். ஊர் முழுவதும் சிரியாவின் கோலானைச் சேர்ந்தது, சிரியாவுக்கும் இஸ்ரேலுக்கும் உடன்பாடு வரும்போது கோலானோடு சேர்த்து முடிவு செய்யுங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1967 மனுவிலும் இதுவே இருந்தது. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் உழவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கோடு விழுந்த பிறகு வாழ்க்கை எப்படி இருந்தது?

கடினமாக இருந்தது. நீலக் கோட்டில் வேலி போடப்படவில்லை; ஆகவே தெற்கு வாயிலில் இஸ்ரேலியச் சோதனைச் சாவடி வந்தது. ஊர் முழுவதும் மூடப்பட்ட ராணுவப் பகுதி. வெளியூர் நண்பரைத் திருமணத்துக்கு அழைக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். வடக்குப் பகுதி திறந்து கிடந்ததால் அங்கே லெபனானின் ஷியா ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவின் நடமாட்டம், போதைப் பொருள் கடத்தல் என்று எல்லாப் பழியும் ஊர்மேல் விழுந்தது. 2005 நவம்பர் 21 அன்று ஹிஸ்புல்லா வீரர்கள் ஊருக்குள் நுழைந்து இஸ்ரேலியப் படையைத் தாக்கினார்கள். வந்தவர்களில் நால்வர் கொல்லப்பட்டார்கள்.

2006 ஜூலை, ஆகஸ்ட் போரில் இஸ்ரேல் வடக்குப் பகுதியை மீண்டும் பிடித்தது. போரை நிறுத்திய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1701-ஆம் தீர்மானத்தின்படி லெபனானின் மற்ற இடங்களிலிருந்து அப்போது விலகிய படை இங்கிருந்து மட்டும் விலகவில்லை. 2010 நவம்பரில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை விலகலுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அந்த முடிவு காகிதத்தோடு நின்றது. லெபனானைப் பொறுத்தவரை வடக்கு கஜர் ஆக்கிரமிக்கப்பட்ட லெபனான் மண். அந்தக் கோரிக்கைக்குச் சட்ட வலு உண்டு. அங்கே வாழ்பவர்கள் தங்களை லெபனானியர்களாகக் கருதவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர ஏற்காமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு?

ஒரு சிறிய தொடர்பு. தென் லெபனானில் உள்ள ஐ.நா. அமைதிப் படையில் 1998 முதல் ஓர் இந்தியப் பட்டாலியன் பணியாற்றி வந்திருக்கிறது. அதன் பொறுப்பு கஜர் இருக்கும் அதே கிழக்குப் பகுதியில்தான்.

ஆற்றுத் தண்ணீருக்காகப் போர் மூளும் நிலை வந்ததாமே?

இரண்டு முறை. ஜோர்தான் ஆறு மூன்று தலையாறுகள் கூடிப் பிறக்கிறது: ஹஸ்பானி, தான், பானியாஸ். ஹஸ்பானிக்கு ஆண்டு முழுவதும் உயிர் தரும் வஸ்ஸானி ஊற்று கஜருக்கு நேர்க் கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1964-இல் அரபு நாடுகள் ஹஸ்பானியையும் பானியாஸையும் திருப்பிவிடத் திட்டமிட்டன. இஸ்ரேல் அந்த வேலைகளைக் குண்டு வீசித் தடுத்தது. 1967 போருக்கு இட்டுச் சென்ற காரணங்களில் இதுவும் ஒன்று. பிறகு 2002-இல் லெபனான் தன் வறண்ட கிராமங்களுக்காக வஸ்ஸானியில் நீரேற்று நிலையம் கட்டியது. இஸ்ரேலின் பிரதமர் ஷரோன் அதைப் போருக்கான காரணம் என்றே சொன்னார். உலக நாடுகள் தலையிட்டன; அக்டோபரில் நிலையம் திறக்கப்பட்டது, போர் வரவில்லை. இந்தச் சண்டை நடந்த நாள்களில் கஜர் வீட்டு மாடியில் நின்றால் அந்தக் குழாய்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

இன்றும் அங்கே விவசாயம் நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் ஊரை வாழவைப்பது இப்போது விவசாயம் அல்ல. பெரும்பாலோர் இஸ்ரேலின் ஊர்களிலும் நகரங்களிலும் வேலைக்குப் போய் வருகிறார்கள். படித்து மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் ஆனவர்கள் பலர். வயல் குறைந்ததற்கு எல்லாச் சிற்றூருக்கும் உள்ள காரணங்கள் இங்கும் உண்டு. அவற்றோடு, வயலின் ஒரு பக்கம் வேலியும் மறுபக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையும் இருக்கும் நிலத்தில் யார் நிம்மதியாக ஏர் பூட்டுவார்கள்?

ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா?

2022 செப்டம்பரில் அனுமதிச் சீட்டுத் தேவையில்லை என்று ஆனது. வடக்கே வேலி எழுப்பப்பட்ட பிறகு வந்த மாற்றம் அது. அந்த வேலியை 2023 ஜூலையில் லெபனானும் ஹிஸ்புல்லாவும் கண்டித்தன. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஊருக்குள் பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வண்ணம் பூசிய வீடுகள், நீரூற்றுகள், பூங்கா, குப்பையில்லாத தெருக்கள் எனப் படங்கள் பரவின. வண்ணத்தைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை; விருந்தினரே வர முடியாத ஆண்டுகளிலும் அந்த மக்கள் தெருவைப் பெருக்கிப் பூச்செடி வைத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் படங்களுக்கு வேறு எடை வரும். 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் எல்லைப் போர் வெடித்ததும் ஊர் மீண்டும் போர்முனைக்கு வந்தது. பயணத்தைப் பற்றி நினைப்பவர்கள் அன்றைய பாதுகாப்பு நிலையை விசாரிக்காமல் கிளம்பக்கூடாது.

சிரியாவில் அசத் ஆட்சி விழுந்தது இவர்களைப் பாதித்ததா?

2024 டிசம்பர் 8 அன்று ஹாஃபிஸின் மகனும் சிரிய அதிபருமான பஷார் அல்-அசத் நாட்டைவிட்டு ஓடினார். 2025 மார்ச்சில் சிரியக் கடற்கரைப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் அலவிப் பொதுமக்கள். வீடு வீடாகப் போய், "நீ அலவியா?" என்று கேட்டுச் சுட்டார்கள். அசத் ஆட்சியின் கொடுமைகளுக்கு ஓர் ஏழை உழவர் சமூகம் முழுவதையும் பொறுப்பாக்கிப் பழிவாங்கிய செயல் அது. கோலான் என்றாவது திரும்பப் போகும், நாமும் அதோடு போவோம் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்த ஊருக்கு, அது திரும்ப வேண்டிய நாடு இப்படி ஆகிப்போனது.

சட்டப்படி இப்போது அது யாருடைய ஊர்?

உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் பார்வையில் தெற்குப் பகுதி ஆக்கிரமிக்கப்பட்ட சிரியக் கோலான், வடக்குப் பகுதி ஆக்கிரமிக்கப்பட்ட லெபனான். 2019 மார்ச்சில் அமெரிக்கா மட்டும் கோலான் மீது இஸ்ரேலின் இறையாண்மையை ஏற்றது. ஊர் முழுவதையும் நிர்வகிப்பது இஸ்ரேல். ஊராரைக் கேட்டால் நிலப்பத்திரத்தைக் காட்டுவார்கள்.

வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

செயற்கைக்கோள் படத்தில் ஹெர்மோனின் பனிமுகட்டிலிருந்து தென்மேற்காக இறங்குங்கள். ஆழமான பள்ளத்தாக்கில் வளைந்து போகும் ஹஸ்பானி தெரியும். அதன் கிழக்கு விளிம்பில் நெருக்கமாகக் கூரைகள். சில வரைபடங்களில் அதன்மேல் ஒரு புள்ளிக்கோடு ஓடும், சிலவற்றில் ஊரைச் சுற்றிப் போகும். கோட்டை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த வீட்டோடு ஒரு நாடு முடிந்து எந்த வீட்டில் அடுத்தது தொடங்குகிறது என்று உங்களால் சொல்ல முடியாது.